ரிங் ஃபைலிலிருந்து இணையத்துக்கு: ஐரோப்பிய விவகாரக் குறிப்புச் சேவையை மாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

மாதாமாதம் ஒரு கட்டுத் தாள் தபாலில் வரும். கூடவே ஒரு சீட்டு: "பக்கம் 45 முதல் 48 வரை எடுத்துவிடவும். 45 முதல் 48.6 வரை செருகவும்." நூலகர் ரிங் ஃபைலைத் திறந்து, பழைய தாளைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுவார். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்கள், அமைப்புகள், கொள்கைகள் பற்றிய அச்சுக் குறிப்புச் சேவைகள் பலவும் இப்படித்தான் நடந்தன. அப்படிப்பட்ட ஒன்றை இணையத்துக்குக் கொண்டுபோக எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன்.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஐரோப்பியப் பதிப்பாளர்களுக்கு எக்ஸ்எம்எல் மாற்று வேலை, அதாவது அச்சு உரையைக் கணினி பிரித்தறியும் குறிகளோடு மாற்றித் தரும் வேலை, செய்கிறவன் நான். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாளே "ஸ்கேன் எப்போ சார்?" என்று கேட்பார்கள். இந்த வரிசையில் ஸ்கேன் ஏழாவது படி. முதல் ஆறைச் சரியாக முடித்தால் ஏழாவது ஓரிரு வாரங்களில் ஓடிவிடும். அவசரப்பட்டு ஸ்கேனை முதலில் வைத்தால் எல்லாத் தாளையும் இரண்டாவது தடவை எடுக்க வேண்டிவரும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கழற்றிய பக்கங்களும் சேர்ந்த ஒரு முழுத் தொகுப்பு வேண்டும். இது கிடைப்பதுதான் கஷ்டம். நூலகத்தில் இருக்கும் ஃபைலில் கடைசி நிலை மட்டும்தான் இருக்கும். 1996-இல் அந்தப் பக்கம் என்ன சொன்னது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பதிப்பாளரின் கிடங்கிலோ அச்சகத்திலோ பிரிக்காத மாதக் கட்டுகள் கிடக்கின்றனவா என்று முதலில் விசாரியுங்கள்.

அடுத்து, எழுத்தாளர் ஒப்பந்தங்கள், அச்சுக்கோப்புக்கான கணினி ஃபைல்கள், மாதாமாதம் வந்த சீட்டுகள் எல்லாம். சீட்டைக் குப்பை என்று நினைக்காதீர்கள். எந்தப் பக்கம் எப்போது மாறியது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

கடைசியாக ஓர் ஆள். விஷயம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் தினமும் அரை நாளாவது உங்களுக்குக் கிடைக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் வேலையைத் தொடங்காதீர்கள்.

1. என்ன கேள்வி வருகிறது என்று எண்ணுங்கள்

நூலக மேசையில் இரண்டு வாரம் ஒரு நோட்டை வைத்து, ஃபைலை எடுக்க வருகிறவர் என்ன தேடி வந்தார் என்று எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் மூன்று வகைதான் வரும். இந்தச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறதா? இந்த விஷயத்தை யார் பார்க்கிறார்கள்? இந்த ஆண்டில் இந்தக் கொள்கை எப்படி இருந்தது?

இரண்டாவது வகைக்கான பக்கங்களை, அதாவது பெயர், பதவி, தொலைபேசிப் பட்டியலை, இணையத்துக்கு மாற்றவே வேண்டாம். ஒன்றியமே தன் அதிகாரிகள் பட்டியலை இணையத்தில் வைத்துப் புதுப்பித்துவருகிறது. அதற்கு ஓர் இணைப்புப் போதும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஐரோப்பிய நாடாளுமன்றமும் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையமும் மாறும்போது அந்தப் பட்டியலை நீங்கள் துரத்திக்கொண்டிருக்க முடியாது. உங்களிடம் வேறெங்கும் கிடைக்காதது முதல் வகைக்கான விளக்கமும் மூன்றாம் வகைக்கான பழைய நிலையும்தான். உழைப்பை அங்கே போடுங்கள்.

2. உரிமையைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

பழைய ஒப்பந்தங்கள் பலவற்றில் அச்சு உரிமை மட்டும்தான் இருக்கும். மின்வடிவம் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001-இல் நியூயார்க் டைம்ஸ் எதிர் டாசினி வழக்கில், பத்திரிகையில் வந்த வெளி எழுத்தாளர் கட்டுரைகளை அவர்கள் அனுமதி இல்லாமல் மின் தரவுத்தளத்தில் போடக்கூடாது என்று தீர்ப்பளித்தது. ஐரோப்பாவில் சட்டம் வேறு. ஆனால் சிக்கல் அதேதான்.

ஆணையத்தின் ஆவணங்களை மறுபயன்பாடு செய்ய 2011/833 என்ற முடிவு இடம் தருகிறது. 2019 முதல் ஆணையம் தன் உள்ளடக்கத்துக்குப் பொதுவாக கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த மறுபயன்பாட்டு உரிமத்தைப் பயன்படுத்துகிறது. இதைப் படித்துவிட்டு "எல்லாமே ஃப்ரீ" என்று முடிவுகட்டுவது வழக்கமான தவறு. அதே ஆவணத்துக்குள் வேறொருவருக்குச் சொந்தமான புகைப்படமோ வரைபடமோ இருந்தால் அது இந்த அனுமதிக்குள் வராது.

எக்செல்லில் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு நிறம் கொடுங்கள். பச்சை என்றால் போடலாம், மஞ்சள் என்றால் கேட்க வேண்டும், சிவப்பு என்றால் சுருக்கம் மட்டும். மஞ்சளுக்கான கடிதங்கள் இந்தப் படியிலேயே போய்விட வேண்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் மற்ற வேலைகளைப் பார்க்கலாம்.

3. பக்கத்தை விடுங்கள், பதிவைப் பிடியுங்கள்

பக்கம் என்பது தாளின் அளவால் வந்தது. அதில் பொருள் எதுவும் இல்லை. ஒரு டைரக்டிவ் (உறுப்பு நாடுகள் தம் சட்டத்தில் கொண்டுவர வேண்டிய ஒன்றியச் சட்டம்) பற்றிய விளக்கம் 112-ஆம் பக்கத்தின் நடுவில் தொடங்கி 114-இன் மேல் பாதியில் முடியும். அதைப் பக்கம் பக்கமாகப் பிடிஎஃப் ஆக்கி ஏற்றினால், தேடி வருகிறவருக்கு மூன்று துண்டுகள் கிடைக்கும். எதிலும் முழு விடை இருக்காது.

ஒரு கேள்விக்கு ஒரு பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சட்டத்துக்கு ஒன்று, ஓர் அமைப்புக்கு ஒன்று, கொள்கைக் கட்டுரையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று.

பழைய பக்க எண்ணைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். ஆய்வேடுகளிலும் வக்கீல்களின் மனுக்களிலும் "பக்கம் 48.3" என்று உங்களை மேற்கோள் காட்டியிருப்பார்கள். பதிவுக்குள் ஒரு தனிப் புலத்தில் (ஃபீல்டில்) அது இருக்கட்டும். தேடினால் கிடைக்க வேண்டும்.

4. சட்டங்களுக்கு அடையாள எண் கொடுங்கள்

ஒன்றியத்தின் சட்டத் தளமான யூர்-லெக்ஸில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் செலெக்ஸ் எண் ஒன்று உண்டு. அதன் அமைப்பை எல்லோரும் மனப்பாடம் செய்யட்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கான ஜிடிபிஆரின் எண் 32016ஆர்0679. முதல் 3 என்றால் நிறைவேறிய சட்டம், 2016 ஆண்டு, ஆர் என்றால் ரெகுலேஷன் (எல்லா உறுப்பு நாடுகளிலும் நேரடியாக அமலாகும் சட்டம்), 0679 வரிசை எண். ஆர் இருக்கும் இடத்தில் எல் வந்தால் டைரக்டிவ், டி வந்தால் முடிவு. தீர்ப்புகள் 6-இல் தொடங்கும், நாடுகள் செய்துகொண்ட ஒன்றிய ஒப்பந்தங்கள் 1-இல்.

அச்சுப் பக்கத்தில் செலெக்ஸ் இருக்காது. "ரெகுலேஷன் 1408/71", "டைரக்டிவ் 95/46" என்றுதான் இருக்கும். இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். 2014 வரை ரெகுலேஷனில் வரிசை எண் முன்னால், ஆண்டு பின்னால். டைரக்டிவில் ஆண்டு முன்னால். 2015 ஜனவரி 1 முதல் இரண்டிலும் ஆண்டுதான் முன்னால்.

எங்கள் குழுவில் ஒரு பையன் எல்லாவற்றையும் ஒரே விதியில் மாற்ற ஸ்கிரிப்ட் எழுதினான். கார்ட்டெல்களுக்கு (நிறுவனங்களின் விலைக் கூட்டணிகளுக்கு) எதிரான பழைய ரெகுலேஷன் 17/62 அவன் கையில் 2017-ஆம் ஆண்டின் 62-ஆவது சட்டமாகிவிட்டது. உண்மையில் அது 1962-இல் வந்தது, எண் 31962ஆர்0017. ஸ்கிரிப்டில் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆசிரியர் தற்செயலாகப் பார்த்ததால் பிடிபட்டது. எண்ணை உருவாக்கியதும் அதை யூர்-லெக்ஸில் கொடுத்து, வரும் தலைப்பும் உங்கள் பக்கத்தின் தலைப்பும் ஒன்றா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் ஓர் எண்ணையும் ஏற்காதீர்கள்.

இன்னொன்று. 2023 அக்டோபர் 1 முதல் ஒன்றியத்தின் அரசிதழ் இதழாக வருவதில்லை. ஒவ்வொரு சட்டமும் தனித்தனியாக வெளியாகிறது. அதனால் புதிய சட்டங்களுக்கு அரசிதழ்ப் பக்க எண் என்று மேற்கோள் காட்ட எதுவும் கிடையாது. உங்கள் படிவத்தில் "அரசிதழ்ப் பக்கம்" கட்டாயப் புலமாக இருந்தால், தட்டச்சு செய்கிறவர் வேறு வழியில்லாமல் 1 என்று போட்டுவிட்டு நகர்வார். அப்படிப் போட்ட 1-களை நான் நூற்றுக்கணக்கில் அழித்திருக்கிறேன்.

ஒன்றிய ஒப்பந்தங்களின் பிரிவு எண்களுக்கு ஒரு தனி அட்டவணை போடுங்கள். நிறுவனங்கள் கூடி விலை பேசுவதைத் தடுக்கும் பிரிவு ஆரம்பத்தில் 85. ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தம் 1999 மே 1-இல் அமலானதும் 81. லிஸ்பன் ஒப்பந்தம் 2009 டிசம்பர் 1-இல் அமலானதும் 101. விஷயம் ஒன்று, எண் மூன்று. வாசகர் எந்த எண்ணைத் தட்டினாலும் மூன்று காலத்துப் பதிவுகளும் வர வேண்டும். பழைய கட்டுரைக்குள் 85 என்று இருப்பதை 101 என்று திருத்தாதீர்கள். அந்தக் காலத்துத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறவருக்கு 85-தான் தேவை.

5. தேதியை வெளியே கொண்டுவாருங்கள்

நேரம் குறைவாக இருந்து ஒரே ஒரு படியைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ரிங் ஃபைலில் தேதி தானாகத் தெரியும். பக்கத்தின் அடியில் "வெளியீடு 34" என்று சிறிய எழுத்தில் இருக்கும், தாள் பழுப்பேறியிருக்கும், பக்கத்திலேயே புதிய தாள் இருக்கும். இணையத்தில் எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை. 1997-இல் எழுதியதும் நேற்று எழுதியதும் ஒரே முகத்தோடு நிற்கும்.

ஓர் உதாரணம். "ஒன்றியத்தின் 27 உறுப்பு நாடுகள்" என்று ஒரு வரி. 2007 ஜனவரியில் பல்கேரியாவும் ருமேனியாவும் சேர்ந்தபோது 27 ஆனது. 2013 ஜூலை 1-இல் குரோவேஷியா வந்து 28. 2020 ஜனவரி 31-இல் பிரிட்டன் வெளியேறி மறுபடி 27. முதல் 27-இல் பிரிட்டன் உண்டு, குரோவேஷியா இல்லை. இரண்டாவதில் நேர்மாறு. எண் ஒன்றாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. வாக்குக் கணக்கையோ பட்ஜெட் பங்கையோ போடும்போதுதான் தப்பாகும்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் மாதச் சீட்டுகளை வைத்து வெளியீட்டு எண்ணுக்கும் தேதிக்கும் ஓர் அட்டவணை போடுங்கள். வெளியீடு 34 என்றால் எந்த மாதம், எந்த ஆண்டு? பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று தேதி: செய்தி நடந்தது எப்போது, எழுதியது எப்போது, கடைசியாகச் சரிபார்த்தது எப்போது. மூன்றாவதைப் பதிவின் தலைப்புக்குக் கீழேயே வாசகர் கண்ணில் படும்படி வையுங்கள்.

அப்புறம் "தற்போது", "அண்மையில்", "அடுத்த ஆண்டு" என்பதற்கெல்லாம் அந்தந்த மொழியில் என்ன சொல்லோ அதைத் தேடிப் பட்டியல் எடுங்கள். பட்டியல் நீளமாக வரும், பயப்படாதீர்கள். புதுப்பிக்கப்போகும் பதிவுகளில் மட்டும் அவற்றை ஆண்டாக மாற்றுங்கள். காப்பகப் பதிவுகளில் ஓர் எழுத்தையும் தொடாதீர்கள். மேலே "இது இந்தத் தேதியின் நிலை" என்று ஒரு பட்டை போதும். பழைய உரையைப் பாதி திருத்துவதைப்போல ஆபத்து வேறில்லை. எந்த வரி எந்தக் காலம் என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

சட்ட உரைக்கு இணைப்புக் கொடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். திருத்தங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கோத்த உரை யூர்-லெக்ஸில் கிடைக்கும். அதன் செலெக்ஸ் எண் 0-இல் தொடங்கும். வாசிக்க வசதியானது, ஆனால் சட்டப்படி செல்லுபடியாகும் உரை அரசிதழில் வந்ததுதான். 2013 ஜூலை 1 முதல் வெளியானவற்றுக்கு அரசிதழின் மின்பதிப்பே மூல உரை. இரண்டு இணைப்பையும் கொடுத்து, எது எது என்று பெயரிடுங்கள்.

6. தலைப்புச் சொற்களை ஒழுங்குபடுத்துங்கள்

அச்சுச் சேவையின் பின்னிணைப்புச் சொல்லடைவு இருபது ஆண்டு உழைப்பு. அதில் இருக்கும் "காண்க" குறிப்புகளை அப்படியே தேடல் பெட்டிக்குப் பின்னால் வையுங்கள். பிறகு ஒவ்வொரு சொல்லையும் ஒன்றியத்தின் யூரோவோக் சொற்களஞ்சியத்தோடு பொருத்துங்கள். அது ஒன்றியத்தின் 24 அலுவல் மொழிகளிலும் இருப்பதால், போலிஷில் தேடுகிறவருக்கும் வழி கிடைக்கும்.

புதியவர்கள் தவறாமல் விழும் குழி மூன்று கவுன்சில்கள். யூரோப்பியன் கவுன்சில் என்பது நாட்டுத் தலைவர்கள் கூடுவது. கவுன்சில் ஆஃப் தி யூரோப்பியன் யூனியன் என்பது அமைச்சர்கள் கூடுவது. கவுன்சில் ஆஃப் யூரோப் என்பது ஒன்றியத்தைச் சேர்ந்ததே அல்ல. 1949-இல் உருவாகி ஸ்ட்ராஸ்பர்கில் இயங்கும் தனி அமைப்பு, மனித உரிமை நீதிமன்றம் அதன் கீழ் இருப்பது. வெறும் "கவுன்சில்" என்று எழுதிய ஒவ்வொரு குறிப்பையும் ஆள் படித்துத்தான் பிரிக்க வேண்டும். இயந்திரத்திடம் விடாதீர்கள்.

பெயர் மாறிய அமைப்புகளுக்குப் பழைய பெயரும் ஒரு நுழைவாயிலாக இருக்கட்டும். 2009 டிசம்பர் வரை கோர்ட் ஆஃப் ஃபர்ஸ்ட் இன்ஸ்டன்ஸ் என்று இருந்த ஒன்றியத்தின் நீதிமன்றம் பிறகு ஜெனரல் கோர்ட் ஆனது.

7. இப்போது ஸ்கேன் செய்யுங்கள்

அச்சுக்கோப்பு ஃபைல் இருந்தால் அதையே எடுங்கள். ஆனால் அச்சான தாளோடு ஒப்பிடாமல் நம்பாதீர்கள். கடைசி நேரத் திருத்தங்கள் ஃபிலிமில் மட்டும் நடந்திருக்கும். ஃபைலில் பழைய எண்ணே இருக்கும்.

ஃபைல் இல்லாதவற்றை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுங்கள். அடிக்குறிப்பு பொடியாக இருந்தால் 400. பக்கத்தின் தலையையும் அடியையும் வெட்டக்கூடாது என்று ஆபரேட்டரிடம் எழுதிக் கொடுங்கள். அந்த அடியில்தான் வெளியீட்டு எண் இருக்கிறது. ஒருமுறை எங்களுக்கு வந்த படங்கள் எல்லாம் அழகாக, ஓரம் சுத்தமாக வெட்டப்பட்டு வந்தன. வெளியீட்டு எண் ஒன்றுகூட இல்லை.

ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் முறை) செய்த பிறகு மூன்று இடங்களைத் தனியாகப் பாருங்கள். ஒன்று, அடிக்குறிப்பு எண் ஆண்டோடு ஒட்டிக்கொள்வது: 1993-க்கு மேலே இருந்த சிறிய 2 சேர்ந்து 19932 ஆகிவிடும். இரண்டு, சட்ட எண்களில் பூஜ்யமும் ஓ எழுத்தும், ஒன்றும் எல் எழுத்தும் இடம் மாறுவது. மூன்று, ருமேனியப் பெயர்கள். அந்த மொழியில் எஸ், டி எழுத்துகளுக்குக் கீழே காற்புள்ளி வரும். பழைய எழுத்துருக்களில் அந்த இடத்தில் செடில்லா என்ற வால் குறி இருக்கும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். தேடலுக்கு வேறு வேறு எழுத்து. எல்லாவற்றையும் ஒரே குறியீட்டுக்கு மாற்றிவிட்டு, வாசகர் வெறும் எஸ் தட்டினாலும் கிடைக்கும்படி செய்யுங்கள்.

எண் அட்டவணைகளுக்கு ஓசிஆர் வேண்டாம். இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்து, இரண்டையும் ஒப்பிட்டு வேறுபாட்டை மட்டும் மூன்றாமவர் பார்ப்பது நம் ஊர் அலுவலகங்களின் பழைய முறை. செலவு கொஞ்சம் அதிகம். ஆனால் தப்பு மிகக் குறைவு.

8. இணைப்புகளை எண்ணிலிருந்து உருவாக்குங்கள்

முழு முகவரியைக் கட்டுரைக்குள் எழுதாதீர்கள். 2006 மே 9-இல் ஒன்றியத்தின் தளங்கள் எல்லாம் யூரோப்பா.ஈயூ.இன்ட் என்ற முகவரியிலிருந்து யூரோப்பா.ஈயூ-வுக்கு மாறின. முகவரியை உரைக்குள் பதித்திருந்தவர்கள் ஒவ்வொரு பக்கமாகத் திருத்த வேண்டியிருந்தது. பதிவில் செலெக்ஸ் எண்ணை மட்டும் வையுங்கள். பக்கம் திறக்கும்போது அதிலிருந்து இணைப்பு உருவாகட்டும். நாளை முகவரி மாறினால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

உங்கள் சொந்த முகவரியிலும் மென்பொருளின் பெயரோ வெளியீட்டு எண்ணோ வேண்டாம். இரண்டும் மாறும். டொமைன் விஷயத்திலும் கவனம்: பிரெக்ஸிட் மாறுதல் காலம் முடிந்து 2021 தொடங்கியதும், ஒன்றியத்தில் அலுவலகமோ குடியுரிமைத் தொடர்போ இல்லாத பிரிட்டன்காரர்களின் .ஈயூ முகவரிகள் முடக்கப்பட்டன.

9. நூலகரை வைத்துச் சோதியுங்கள், பிறகு திறங்கள்

முதல் படியில் எழுதிய நோட்டிலிருந்து 30 கேள்வி எடுங்கள். ஒரு நூலகர் ரிங் ஃபைலில் தேடட்டும், இன்னொருவர் திரையில் தேடட்டும். விடை வேறுபட்டால் அன்றே காரணம் கண்டுபிடியுங்கள். எங்கள் அனுபவத்தில் பாதிக்கு மேல் தேதிச் சிக்கல்தான். மென்பொருள் குறை அபூர்வம்.

அச்சையும் இணையத்தையும் குறைந்தது இரண்டு வெளியீட்டுக்குச் சேர்ந்தே நடத்துங்கள். அந்த நேரத்தில், நூலகக் கணினிகளை அடையாளம் கண்டு அனுமதிக்க, நூலகங்களின் ஐபி (இணைய) முகவரிகளை வாங்கிப் பதிவுசெய்யுங்கள். நூலகங்கள் ஆண்டு முடிவில் பயன்பாட்டு அறிக்கை கேட்கும். பயன்பாட்டை ஒரே முறையில் எண்ணுவதற்கான கவுன்ட்டர் என்ற தரநிலையை முதல் நாளிலிருந்தே பொருத்திவிடுங்கள். போன மாதங்களின் கணக்கைப் பிறகு உருவாக்க முடியாது.

விலைப் பட்டியலைப் போடும் முன் வரிக் கணக்கரிடம் பேசுங்கள். அச்சுக்குக் குறைந்த மதிப்புக்கூட்டு வரி, மின்வடிவத்துக்கு முழு வரி என்றுதான் ஒன்றியத்தின் சட்டம் நெடுநாள் இருந்தது. மின்னூலுக்குக் குறைந்த வரி வைத்த பிரான்ஸுக்கும் லக்ஸம்பர்குக்கும் எதிராக 2015 மார்ச்சில் ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018-இல் வந்த டைரக்டிவ் 2018/1713 மின்பதிப்புக்கும் குறைந்த வரி வைக்க நாடுகளுக்கு அனுமதி கொடுத்தது. அனுமதிதான், கட்டாயம் இல்லை. ஆகவே ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கடைசி அச்சுக் கட்டோடு போகும் சீட்டை ஆசிரியரே எழுதட்டும். எந்த அத்தியாயங்கள் இணையத்துக்கு வரவில்லை, எவை சுருக்கமாக மட்டும் இருக்கின்றன என்று அதில் வெளிப்படையாகப் பட்டியலிடுங்கள். "எடுத்துவிட வேண்டிய பக்கங்கள்" என்று எப்போதும் வரும் வரியில் இந்தத் தடவை "எதுவும் இல்லை" என்று பெரிய எழுத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் பழக்க தோஷத்தில் யாராவது ஃபைலைக் காலிசெய்துவிடுவார்கள்.